மலேரியா ஒருமுறை வந்தால் மீண்டும் வராதா? உடம்பை ஏமாற்றும் '60 வேஷ' தந்திரம்

சின்ன வயதில் உங்களுக்கு அம்மை போட்டிருந்தால் இது நினைவிருக்கும். வாசலில் வேப்பிலைக் கொத்து, பத்து நாள் பள்ளிக்கூடம் கிடையாது. அதற்கப்புறம் தம்பிக்கோ தங்கைக்கோ அம்மை வந்தபோது, "உனக்குத்தான் ஒருதடவை வந்துடுச்சே, இனிமே வராது, நீயே பக்கத்துல இரு" என்று உங்களைத்தான் அனுப்பியிருப்பார்கள்.

சின்னம்மையைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு பெரும்பாலும் சரி. ஒருமுறை பார்த்த கிருமியை உடம்பு லேசில் மறக்காது.

மலேரியாவிடம் இந்தக் கணக்கு எடுபடாது. ஆப்பிரிக்காவில் மலேரியா அதிகமுள்ள கிராமங்களில் ஒரே குழந்தைக்கு ஒரே ஆண்டில் பலமுறை வருகிறது. 2023-இல் உலகம் முழுவதும் சுமார் 26.3 கோடி மலேரியா பாதிப்புகள், 5.97 லட்சம் மரணங்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆப்பிரிக்கப் பிராந்தியத்தில் இறந்தவர்களில் நான்கில் மூன்று பேர் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

மனித உடம்பு மலேரியாவை ஏன் ஒரே தடவையில் 'படித்து' முடிக்க முடியவில்லை? பதில், ஒட்டுண்ணி நம் ரத்த அணுவின் வெளிப்பக்கம் நீட்டும் ஒரே ஒரு புரதத்தில் இருக்கிறது. வேலை அல்லது பயணத்துக்காக ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் அல்லது ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறவரா நீங்கள்? அப்படியென்றால் இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

பத்திரமான ஒளிவிடம், ஆனால் ஒரு சிக்கல்

மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் ஒட்டுண்ணிகளில் மிக ஆபத்தானது 'ஃபால்சிபாரம்'. அனாபிலஸ் பெண் கொசு கடிக்கும்போது உள்ளே வருகிறது. முதலில் கல்லீரலுக்குப் போய், சுமார் ஒரு வாரம் அங்கே பெருகி, பிறகு ரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் நுழைகிறது.

ஒளிந்துகொள்ள சிவப்பணுவை விட நல்ல இடம் கிடையாது. உடம்பின் மற்ற செல்கள், தங்களுக்குள் என்ன இருக்கிறது என்பதன் 'சாம்பிளை' எப்போதும் வெளியே காட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே கிருமி புகுந்தால் நோய் எதிர்ப்பு மண்டலம் அதைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடும். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவும் கிடையாது, அந்த சாம்பிள் காட்டும் வசதியும் கிடையாது. அது கிட்டத்தட்ட ஹீமோகுளோபின் நிரப்பிய ஒரு பை.

அந்தப் பைக்குள் ஒட்டுண்ணி 48 மணி நேரம் தின்று வளர்கிறது. பிறகு பையை உடைத்துக்கொண்டு 16 முதல் 30 வரை புதிய ஒட்டுண்ணிகள் வெளியேறுகின்றன. நடுக்கத்தோடு காய்ச்சல் வருவது இப்படி அணுக்கள் உடையும்போதுதான்.

சரி, இவ்வளவு வசதியான இடத்தில் சத்தமில்லாமல் இருந்துவிடலாமே? இருக்க முடியாது. காரணம், மண்ணீரல்.

நம் ரத்தத்துக்கு மண்ணீரல் ஒரு வடிகட்டி மாதிரி. அதன் மிகக் குறுகலான இடுக்குகள் வழியாக சிவப்பணுக்கள் வளைந்து நெளிந்து வெளியேற வேண்டும். வயதாகி விறைத்துப்போன அணுக்களால் அது முடியாது. அவை அங்கேயே அழிக்கப்படும். ஒட்டுண்ணி வளர வளர அது குடியிருக்கும் அணுவும் விறைத்துவிடுகிறது. ரத்த ஓட்டத்தோடு மண்ணீரலுக்குப் போனால் கதை முடிந்தது.

அதனால் ஒட்டுண்ணி ஒரு வேலை செய்கிறது. தானே ஒரு புரதத்தைத் தயாரித்து, சிவப்பணுவின் மேற்பரப்புக்கு அனுப்பி, கொக்கி போல வெளியே நீட்டுகிறது. இந்தக் கொக்கி சிறு ரத்தக்குழாய்களின் சுவரைப் பிடித்துக்கொள்கிறது. சுவரில் ஒட்டிக்கொண்ட அணு மண்ணீரலுக்குப் போக வேண்டியதில்லை.

இந்தப் புரதத்தின் பெயர் பிஎஃப்இஎம்பி1. ஃபால்சிபாரம் உயிரைக் குடிப்பதற்கு முக்கியக் காரணமும் இதுதான். ஒட்டுண்ணி புகுந்த அணுக்கள் மூளையின் நுண்குழாய்களில் கூட்டமாக ஒட்டிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைபடும். நோயாளி வலிப்பு வந்து நினைவிழக்கலாம். மூளை மலேரியா என்பது அதுதான்.

60 வேஷம், ஒரு நேரத்தில் ஒன்று

கொக்கி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் இப்போது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் பட்டுவிடுகிறது. சில நாட்களில் அதற்கென்றே ஆன்டிபாடிகள் தயாராகி, அந்தக் கொக்கி உள்ள அணுக்களைக் குறிவைக்கின்றன. கொக்கி இல்லையென்றால் மண்ணீரல் பிடிக்கும், கொக்கி இருந்தால் ஆன்டிபாடி பிடிக்கும்.

ஒட்டுண்ணி இதிலிருந்து தப்பிக்கும் வழிதான் இந்தக் கதையின் மையம். அந்தக் கொக்கியைச் செய்ய அதனிடம் ஒரு மரபணு மட்டும் இல்லை. 'வார்' மரபணுக்கள் என்று அழைக்கப்படும் சுமார் 60 மரபணுக்கள் இருக்கின்றன. எல்லாமே கொக்கிக்கான செய்முறைதான். ஆனால் ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு வடிவத்தில் செய்யும். ஒன்றைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு இன்னொன்றைப் பெரும்பாலும் அடையாளம் தெரியாது.

முக்கியமான விஷயம், ஒரு நேரத்தில் ஒரு ஒட்டுண்ணி பொதுவாக ஒரே ஒரு வார் மரபணுவைத்தான் இயக்கும். மீதி எல்லாம் டிஎன்ஏ இறுக்கமாகச் சுருட்டப்பட்ட நிலையில், பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி கிடக்கும். 60 வேஷத்தையும் ஒரே நாளில் காட்டினால் உடம்பு ஒரே தடவையில் 60-ஐயும் கற்றுக்கொண்டுவிடும். ஒவ்வொன்றாகக் காட்டினால் மாதக்கணக்கில் இழுக்கலாம்.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். உங்கள் ரத்தத்தில் கோடிக்கணக்கான ஒட்டுண்ணிகள் இருக்கின்றன, பெரும்பாலானவை 'வேஷம் 1' போட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருகும்போது அவற்றில் மிகச் சில தற்செயலாக 'வேஷம் 2'-க்கு மாறியிருக்கும். ஆன்டிபாடிகள் வந்து வேஷம் 1-ஐத் துடைத்தெடுக்கும். காய்ச்சல் குறையும், "அப்பாடா, சரியாயிடுச்சு" என்று தோன்றும். அந்த நேரத்தில் வேஷம் 2 போட்ட சில ஒட்டுண்ணிகள் தடையில்லாமல் பெருகும். உடம்பு அதைக் கற்றுக்கொள்வதற்குள் வேஷம் 3 தயார்.

இதில் ஒட்டுண்ணி யோசித்து முடிவெடுப்பது எதுவும் இல்லை. மாறுவது தற்செயல். மாறாதவற்றை நம் ஆன்டிபாடிகள்தான் களையெடுக்கின்றன. மருந்து எடுக்காத ஒருவரின் ரத்தத்தில் ஒரே தொற்று பல மாதங்கள் அலை அலையாக நீடிப்பது இப்படித்தான்.

60-தானே, ஒருநாள் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். உங்கள் உடம்பில் இருக்கும் ஒட்டுண்ணியின் 60 வேறு, பக்கத்து ஊர்க்காரரின் உடம்பில் இருக்கும் 60 வேறு. கொசுவின் வயிற்றுக்குள் ஒட்டுண்ணிகள் இனச்சேர்க்கை செய்யும்போது இந்த மரபணுக்கள் கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு போலக் கலந்துகொள்கின்றன. உலகம் முழுக்கச் சுற்றும் வடிவங்களுக்குக் கணக்கு வைப்பது கடினம்.

இதெல்லாம் எப்படித் தெரியவந்தது?

கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியை ரொனால்ட் ராஸ் முதன்முதலில் பார்த்தது 1897 ஆகஸ்டில், செகந்திராபாத்தில். ஆனால் ரத்தத்துக்குள் அது எப்படிப் பிழைக்கிறது என்ற புதிர் அவிழ இன்னும் நூறு ஆண்டுகள் ஆயின.

1961-இல் காம்பியாவில் ஒரு சோதனை நடந்தது. அங்கேயே வாழ்ந்து மலேரியாவைத் தாக்குப்பிடிக்கப் பழகிய பெரியவர்களின் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடிகளைப் பிரித்து, மலேரியாவால் அவதிப்பட்ட குழந்தைகளுக்குச் செலுத்தினார்கள். குழந்தைகளின் ரத்தத்தில் ஒட்டுண்ணி எண்ணிக்கை மளமளவெனக் குறைந்தது. அதாவது மலேரியாவுக்கு எதிர்ப்பு சக்தியே வராது என்பது தவறு. வரும், ஆனால் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன.

1965-இல் குரங்குகளைத் தாக்கும் ஒரு மலேரியா ஒட்டுண்ணி, நீண்ட தொற்றின்போது தன் மேற்பரப்பு அடையாளத்தை மாற்றிக்கொள்வது நிரூபிக்கப்பட்டது. 1995-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் வார் மரபணுக்களை ஒரே நேரத்தில் கண்டறிந்து வெளியிட்டன. 2002-இல் ஃபால்சிபாரத்தின் முழு மரபணுத் தொகுப்பும் வெளியானது. 14 குரோமோசோம்களில், பெரும்பாலும் ஓரங்களில், சுமார் 60 வார் மரபணுக்கள் வரிசைகட்டி நிற்பது அப்போது தெளிவானது.

இடையில் 1998-இல் கென்யாவின் கிலிஃபி பகுதியில் நடந்த ஆய்வு, இதையெல்லாம் நிஜக் குழந்தைகளோடு இணைத்துக் காட்டியது. நோய் வருவதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த ரத்தத்தைப் பரிசோதித்தபோது, பல வகை ஒட்டுண்ணிகளை அடையாளம் காணும் ஆன்டிபாடிகள் அக்குழந்தைகளிடம் ஏற்கெனவே இருந்தன. ஆனால் அவர்களைப் படுக்கையில் தள்ளிய அந்தக் குறிப்பிட்ட ஒட்டுண்ணிக்கு எதிராக மட்டும் பெரும்பாலும் இல்லை. எந்த இடத்தில் ஓட்டை இருந்ததோ, அந்த ஓட்டை வழியாகத்தான் நோய் நுழைந்திருந்தது.

பெரியவர்களுக்கு வந்த எதிர்ப்பு சக்தி, முதல் பிரசவத்தில் எங்கே போகிறது?

மலேரியா அதிகமுள்ள ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சிறுவயதில் பலமுறை காய்ச்சலில் விழுந்து எழுந்து, 20 வயதில் அவருக்கு மலேரியா ஒரு பெரிய தொல்லையே இல்லை. முதல்முறை கர்ப்பமாகிறார். திடீரென்று கடும் ரத்தசோகை, எடை குறைந்த குழந்தை, சில நேரம் கருவே கலைந்துவிடுகிறது. காரணம் மலேரியா.

இத்தனை ஆண்டு சேர்த்த எதிர்ப்பு சக்தி என்ன ஆயிற்று? அது அப்படியே இருக்கிறது. நஞ்சுக்கொடி என்ற புதிய இடம் உடம்பில் உருவாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஒட்டுண்ணியின் 60 வேஷங்களில் 'வார்2சிஎஸ்ஏ' என்று ஒன்று உண்டு. நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட சர்க்கரைச் சங்கிலியைப் பிடிப்பதற்கே அமைந்தது அது. கர்ப்பத்துக்கு முன்பு ஒட்டிக்கொள்ள இடமில்லாததால் அந்த வேஷம் அவர் உடம்பில் பரவ வாய்ப்பே வரவில்லை. அதனால் ஆன்டிபாடியும் இல்லை.

அடுத்தடுத்த கர்ப்பங்களில் ஆபத்து குறைகிறது, ஏனென்றால் உடம்பு அந்த வேஷத்தையும் கற்றுக்கொள்கிறது. ஆனால் அந்தப் பாடத்துக்கான விலையை முதல் குழந்தை கொடுத்திருக்கும். இந்த ஒரு வேஷத்தைக் குறிவைத்து கர்ப்பிணிகளைக் காக்கும் தடுப்பூசிகள் முதல்கட்ட மனிதப் பரிசோதனைகளைத் தாண்டியுள்ளன.

காய்ச்சலே இல்லை, ஆனால் மலேரியா இருக்கிறது

பல வேஷங்களைப் பார்த்துப் பழகிய உடம்புக்கு மலேரியா ஒரேயடியாக வராமல் போய்விடுவதில்லை. வரும், ஆனால் அடக்கமாக இருக்கும். ரத்தத்தில் கொஞ்சம் ஒட்டுண்ணி இருக்கும், காய்ச்சல் இருக்காது, ஆள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். கொசு கடித்தால் அவரிடமிருந்து அடுத்தவருக்குப் பரவும்.

மாலி நாட்டில் கொசுவே இல்லாத பல மாத வறண்ட காலத்தை ஒட்டுண்ணி எப்படிக் கடக்கிறது என்று ஆராய்ந்தபோது, இதே கொக்கி விவகாரம்தான் மறுபடியும் வந்தது. வறண்ட காலத்து ஒட்டுண்ணி உள்ள அணுக்கள் சுவரில் ஒட்டாமல் நீண்ட நேரம் ரத்தத்தில் சுற்றுகின்றன. மண்ணீரல் நிறைய பிடித்து அழிப்பதால் எண்ணிக்கை குறைவாகவே இருக்கிறது. நோயாளிக்கும் எதுவும் தெரிவதில்லை. மழை வந்து கொசு வரும்வரை காத்திருக்க அது போதும்.

ஒடிசா இந்தச் சிக்கலை நேரடியாகச் சந்தித்தது. மலையும் காடுமாக எளிதில் போய்ச்சேர முடியாத கிராமங்களில், காய்ச்சல் என்று வருபவர்களுக்கு மட்டும் மருந்து கொடுத்தால் ஒட்டுண்ணி அழியாது. அதனால் 2017-இல் தொடங்கிய 'தமன்' திட்டத்தில், முகாம் போட்டு, காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, ஊரில் உள்ள அனைவரையும் பரிசோதித்து, ஒட்டுண்ணி இருந்தவர்களுக்கெல்லாம் சிகிச்சை கொடுத்தார்கள். கொசுவலைகளும் பெரிய அளவில் வழங்கப்பட்டன. 2016-இல் 4 லட்சத்தைத் தாண்டியிருந்த ஒடிசாவின் மலேரியா எண்ணிக்கை 2019-இல் சுமார் 40 ஆயிரமாகக் குறைந்தது.

2027-க்குள் உள்நாட்டில் பரவும் மலேரியாவைப் பூஜ்ஜியமாக்கி, 2030-க்குள் ஒழிப்பது இந்தியாவின் இலக்கு. அதிக பாதிப்புள்ள நாடுகளின் குழுவிலிருந்து 2024-இல் இந்தியா வெளியேறிவிட்டது. இனி மிச்சமிருப்பது இப்படிக் காய்ச்சல் இல்லாமல் ஒட்டுண்ணியைச் சுமப்பவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை. அதுதான் கடினமானதும்கூட.

கொக்கியை மழுக்கும் ரத்தம்

ஒட்டுண்ணியின் இந்தத் தந்திரத்துக்கு மனித இனமும் ஒரு பதில் வைத்திருக்கிறது, ஆனால் விலை அதிகம். அரிவாள் செல் மரபணு மாற்றத்தைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களுக்குக் கடும் மலேரியா வருவது மிகவும் குறைவு. இவர்களின் சிவப்பணுக்களில் ஒட்டுண்ணியால் கொக்கியைச் சரியாக வெளியே நீட்ட முடியாததும், அதனால் சுவரில் சரியாக ஒட்ட முடியாததும் காரணங்களில் ஒன்று.

இருவரிடமிருந்தும் பெற்றால் அதுவே உயிரை வாட்டும் அரிவாள் செல் நோய். மலேரியா அதிகமிருந்த பகுதிகளில் இந்த மாற்றம் தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டது. இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952-இல்.

தடுப்பூசி எங்கே குறிவைக்கிறது?

60 வேஷம் போடுபவனை எந்த வேஷத்தில் பிடிப்பது? இப்போதுள்ள இரண்டு தடுப்பூசிகளும் அந்தக் கேள்விக்கே போவதில்லை. ஒட்டுண்ணி ரத்தத்துக்கு வந்து வேஷம் போடத் தொடங்கும் முன்பே, கொசுவிடமிருந்து வந்து கல்லீரலுக்குப் போகும் வழியிலேயே மறிக்கின்றன. அந்தக் கட்டத்தில் அதன் மேல் இருக்கும் புரதம் வேறு, அதற்கு இத்தனை வேஷங்கள் கிடையாது.

ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியை 2021-இலும், ஆர்21 தடுப்பூசியை 2023-இலும் உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்கிய ஆர்21-ஐத் தயாரிப்பது புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட். இவை நோயைக் கணிசமாகக் குறைக்கின்றன, முழுமையாகத் தடுப்பதில்லை. தப்பி உள்ளே போகும் ஒரு சில ஒட்டுண்ணிகள் போதும், ரத்தத்தில் வேஷக் கச்சேரி தொடங்கிவிடும். இந்தியாவின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் இவை இல்லை.

கொக்கியையே குறிவைக்கும் முயற்சியும் நடக்கிறது. வேஷங்கள் பலவானாலும், கடும் மலேரியாவை உண்டாக்கும் கொக்கிகள் ரத்தக்குழாய் சுவரில் ஒரே பிடிமானத்தைத்தான் பிடிக்க வேண்டும். அதனால் அந்தப் பிடிக்கும் நுனியை மட்டும் அதிகம் மாற்றிக்கொள்ள முடியாது. அந்த நுனியைப் பல வடிவங்களிலும் அடையாளம் காணும் மனித ஆன்டிபாடிகளை 2024-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். அது தடுப்பூசியாக மாற இன்னும் தூரம் போக வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

"எனக்கு ஏற்கெனவே வந்துடுச்சு" என்பது பாதுகாப்பு அல்ல. ஒருமுறை வந்தால் ஒரு சில வேஷங்களைத்தான் உங்கள் உடம்பு பார்த்திருக்கும். சிறுவயதிலிருந்து பழகியவர்களுக்கே, ஊரை விட்டு வந்து சில ஆண்டுகள் ஆனால் அந்த எதிர்ப்பு சக்தி குறைந்துவிடும். விடுமுறைக்குச் சொந்த ஊர் திரும்பும்போது அவர்களுக்கும் கடும் மலேரியா வரலாம்.

உள்ளூர்க்காரரைப் பார்த்து அளவெடுக்காதீர்கள். சைட்டில் கூட வேலை பார்ப்பவர் கொசுவலை இல்லாமல் தூங்கி நன்றாகத்தான் இருக்கிறார் என்றால், அவர் உடம்பு பல ஆண்டுகள் பாடம் படித்திருக்கலாம். உங்கள் உடம்பு இன்னும் முதல் வகுப்பில்கூடச் சேரவில்லை. மருந்து தடவிய கொசுவலையும், கொசு விரட்டியும் அவசியம். ஆப்பிரிக்கப் பயணம் என்றால் தடுப்பு மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்.

ஊர் திரும்பியபின் காய்ச்சல் வந்தால், அன்றே ரத்தப் பரிசோதனை. சில மாதங்கள் கழித்து வந்தாலும் எங்கே போய்வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

முதல் டெஸ்ட் நெகட்டிவ் என்றால் விட்டுவிடாதீர்கள். முதிர்ந்த ஒட்டுண்ணிகள் ரத்தக்குழாய் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பதால், விரல் நுனியில் எடுத்த சொட்டு ரத்தத்தில் குறைவாகவே தெரியும். காய்ச்சல் தொடர்ந்தால் மருத்துவர் மீண்டும் எடுக்கச் சொல்வது அதனால்தான்.

எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் அதிகம் காணப்படும் 'வைவாக்ஸ்' மலேரியா திரும்ப வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அது கல்லீரலில் தூங்கிக்கிடந்து மாதங்கள் கழித்து எழும். அதை அழிக்க மருத்துவர் கொடுக்கும் பிரைமாகுயின் மாத்திரையை, காய்ச்சல் விட்டபிறகும் சொன்ன நாள்வரை எடுக்க வேண்டும். ஆனால் சிலருக்கு அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. அதனால் மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், ஆபீஸுக்கும் கிளம்பத் தோன்றும். காய்ச்சல் விட்டது என்பதற்கு ஒட்டுண்ணி போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. மிச்சமிருக்கும் சில ஒட்டுண்ணிகள் என்ன வேஷத்தில் இருக்கின்றன என்று உங்கள் உடம்புக்கு இன்னும் தெரியாது.